தவறைத் திருத்தும் வழியே முதல் வரைபடம்

2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தகுதி பெற விதிக்கப்பட்ட நிபந்தனைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறையின் பதிவேட்டைத் தேடிப் போகின்றன. நிலம் 5 ஏக்கர் நன்செய் அல்லது 10 ஏக்கர் புன்செய்க்கு மேல் போகக் கூடாது; அது வருவாய்த் துறையின் பட்டாவில் இருக்கிறது. ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அது மின்வாரியத்தின் கணக்கு. கார் இருக்கிறதா என்பது போக்குவரத்துத் துறைக்குத் தெரியும். குடும்பத்தில் யார் யார் என்பதோ குடும்ப அட்டையில். வந்த விண்ணப்பங்கள் சுமார் 1.63 கோடி, முதலில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். தனித்தனியே வளர்ந்த பதிவேடுகள் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சேர்ந்து தீர்ப்புச் சொன்ன முதல் பெரிய தருணங்களில் இதுவும் ஒன்று.

பெரிய அமைப்பின் துறைகள், தரவுகள், மென்பொருள்கள் எப்படிப் பொருந்த வேண்டும் என்று வகுப்பதைத்தான் தொழில்நுட்பத் துறையினர் 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்கிறார்கள். 1987-இல் ஐபிஎம்மின் ஜான் ஜக்மன் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் இட்டது. நம் மத்திய மின்னணு அமைச்சகமும் அரசுகளுக்கென 'இந்தியா' (ஐஎன்டிஇஏ) என்ற வழிகாட்டியை 2018-இல் வெளியிட்டது. வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. எந்த வழியில் போவது என்பதே கேள்வி. எல்லாத் துறைகளின் தகவலையும் அள்ளி ஒரே பெரிய தளத்தில் கொட்டுவது ஒரு வழி. பதிவேடு அந்தந்தத் துறையிடமே இருக்க, கேட்கும் முறையையும் பதில் சொல்லும் முறையையும் மட்டும் பொதுவாக்குவது இன்னொரு வழி. தமிழ்நாட்டுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதிலும் எல்லாவற்றுக்கும் முன்பாக வரைய வேண்டியது, தவறான பதிவு திருத்தப்படும் பாதை.

காரணத்தைத் தருமபுரியிலேயே பார்க்கலாம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். மூன்று மகன்கள் பாகம் பிரித்து உழுதாலும் கூட்டுப் பட்டா அப்படியே கிடக்கும். மீட்டர் மாமனார் பெயரில் ஒன்றே ஒன்று, அதிலிருந்து இரண்டு அடுப்படிகளுக்கு மின்சாரம் போகும். வேலைக்காகப் பெங்களூருவில் தங்கியிருப்பவரின் அட்டை ஊரில் இருக்கும். பதிவேட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இந்த இடைவெளி தனித்தனித் துறையில் இருந்தவரை சிறு தொந்தரவு. பதிவேடுகளை இணைத்ததும் அதுவே உரிமையை மறுக்கும் காரணமாகிவிடக்கூடும். எல்லாம் ஒரே தளத்தில் நகலாகக் குவிந்திருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவைத் திருத்திய பிறகும் நகலில் பழைய பெயரே நிற்கலாம். மூலப் பதிவேட்டையே நேரடியாகக் கேட்கும் முறையில் அங்கே ஒருமுறை திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தியதாகும்.

எஸ்டோனியா இதைச் செய்துகாட்டியது. 2001 முதல் இயங்கும் அதன் 'எக்ஸ்-ரோடு' அமைப்பில் துறைகளின் தரவுத்தளங்கள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. பாதுகாப்பான பரிமாற்றம் மட்டும் பொதுவானது. மாறாக, பிரிட்டன் 2002-இல் தன் தேசிய மருத்துவச் சேவையின் கணினி முறையை மேலிருந்து ஒரே திட்டமாகக் கட்டத் தொடங்கி, பல நூறு கோடி பவுண்டு செலவழித்த பின் 2011-இல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. எஸ்டோனியா குட்டி நாடு, நமக்குப் பொருந்தாது என்பார்கள். அதன் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்துக்கு வந்த 15 லட்சத்தைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இதே கொள்கையில் 2016 முதல் யுபிஐ இந்தியா முழுதும் ஓடுகிறது. வங்கிகளின் கணக்கேடுகள் அந்தந்த வங்கியிடமே உள்ளன. பொதுவாக இருப்பவை விதிகளும் இணைப்பும் மட்டுமே.

ஒரே தளம் என்றால் வேலை வேகமாக நடக்கும், துறைகளைக் கெஞ்ச வேண்டியதில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. துறைகள் தகவலைப் பகிரத் தயங்குவது கண்கூடு. ஆனால் நகலெடுப்பதால் அந்தத் தயக்கம் தீராது. தவறுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விதான் காணாமல் போகும். கோடிக்கணக்கான குடும்பங்களின் நிலமும் வருமானமும் ஒரே இடத்தில் குவிந்தால், ஒரு கசிவு எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

2024 ஜூலை 11 அன்று இதே மாவட்டத்தின் பாளையம்புதூரில் 'மக்களுடன் முதல்வர்' முகாமின் ஊரகப் பகுதித் திட்டம் தொடங்கியது. பல துறை மேசைகளை ஒரே பந்தலில் போட்டது மக்களுக்கு உண்மையிலேயே உதவி. ஆயினும் மேசைகளை அருகருகே போட வேண்டிய தேவை இருப்பதே பின்னால் பதிவேடுகள் பேசிக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று. ஆகவே மாநிலம் முழுமைக்கும் பெருந்திட்டம் தீட்டும் முன், அரசு தருமபுரியின் வட்டங்களிலேயே பட்டா, மின் இணைப்பு, குடும்ப அட்டை ஆகிய மூன்றை மட்டும் மூலப் பதிவேட்டையே நேரடியாகக் கேட்கும் முறையில் இணைத்துப் பார்க்கட்டும். எந்தப் பதிவால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, அதைத் திருத்த வேண்டிய அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் என்ற மூன்று விவரமும் விண்ணப்பித்த பெண்ணின் கைபேசிக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கெடு தவறினால் பதில் சொல்ல வேண்டியது அந்தத் துறையே, அந்தப் பெண் அல்ல.