தண்ணீர் நிற்காத மண் குறையுள்ள மண்ணா?

கேள்வி: சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில், ஏரியின் உபரிநீர் ஓடும் ஓடையை ஒட்டி எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ஓடையின் அடித்தரையைவிட ஐந்தாறு அடி உயரம். பழுப்பு மண், கல் கிடையாது. மழை விட்ட மறுநாளே ஏர் பூட்டலாம். தண்ணீர் நிற்காததால் நெல் மட்டும் சரிப்படவில்லை. மண் எடுக்கும் ஒருவர், "மூணடி எடுத்துக்கிறேன். நிலம் பள்ளமானா தண்ணி நிக்கும், நெல் நடலாம், பணமும் தர்றேன்" என்கிறார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். கொடுக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன மண் என்று பார்த்துவிடுவோம். நீங்கள் குறையாக எழுதியிருப்பதுதான் அந்த நிலத்தின் பெரிய நிறை.

உங்கள் சுற்றுவட்டாரத்தில் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண், அதற்கடியில் சரளை. ஏரிக்குக் கீழே உள்ள பள்ள வயல்கள் களி. இந்த இரண்டுக்கும் நடுவே, ஓடைக்கரையில் அங்கங்கே ஒரு படிக்கட்டு போல நிலம் இருக்கும். பழைய காலத்து வெள்ளங்கள் கரை மீறிப் பரவியபோது மணலையும் வண்டலையும் கொஞ்சம் களியையும் கலந்து படிய வைத்துவிட்டுப் போன இடம் அது. பிறகு ஓடை தன் தரையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே போய்விட, பழைய தரை மேலே படியாக நின்றுவிட்டது. காவிரி, கொள்ளிடக் கரையில் படுகை என்று சொல்லி வாழையும் வெற்றிலையும் வைக்கிறார்களே, அதே இனம்தான். உங்களுடையது சின்ன ஓடையின் சின்னப் படுகை.

இப்படிப்பட்ட மண்ணைத்தான் இருமண்பாட்டு மண் என்கிறோம். நூறு பங்கில் ஏறத்தாழ 40 பங்கு மணல், 40 பங்கு வண்டல், 20 பங்கு களி இருந்தால் அது நல்ல இருமண்பாடு. மணல் காற்றுக்கும் வடிகாலுக்கும் வழிவிடும். களி உரச்சத்தைப் பிடித்து வைக்கும். வண்டல் பயிருக்கு எட்டும் விதத்தில் ஈரத்தைக் காக்கும். ஒரு மீட்டர் ஆழ இருமண்பாட்டு மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் சுமார் 150 மில்லிமீட்டர் மழையளவுக்கு நிற்கும். வெறும் மணலில் அதில் பாதி இருந்தாலே பெரிது. ஆக, "தண்ணீர் நிற்பதில்லை" என்று நீங்கள் சொல்வது மேலே நிற்பதில்லை என்பதைத்தான். உள்ளே நிற்கிறது. நெல்லைத் தவிர மற்றப் பயிர்களுக்கெல்லாம் வேண்டியது அதுதான்.

என் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன.

அகல வாயுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். அடுத்த ஓரிரு நாளில் மெதுவாக இறங்குவது களி. ஸ்கேல் வைத்து அளந்தால் பங்கு தெரிந்துவிடும்.

அடுத்தது வடிகால். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுத்து நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் வரை இறங்கினால் அருமையான வடிகால். ஒரு அங்குலத்துக்கும் குறைந்தால் வேர் மூச்சுத் திணறும். நான்குக்கு மேல் போனால் உரமும் சேர்ந்து இறங்கும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை தரும். வயலில் ஒரு இடத்தில் நாலரை அடிக்குக் குழி வெட்டுங்கள். அரை நாள் வேலை. குழியின் சுவரை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எதுவரை ஒரே பழுப்பாக இருக்கிறதோ அதுவரை மழைக்காலத்திலும் காற்று போய்வருகிறது. சாம்பல் நிறமும் அதில் துருப்பிடித்தது போன்ற செம்புள்ளிகளும் எங்கே தொடங்குகிறதோ, அந்த ஆழம் வரை மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி வந்து தங்குகிறது என்று பொருள். ஓடைப் படுகையில் இன்னொன்றும் தென்படலாம்: திடீரென்று ஒரு சாண் பருமணல், அதன்கீழ் மறுபடி வண்டல். ஒவ்வொரு வெள்ளமும் எழுதிவைத்த கணக்கு அது.

இப்போது மண் எடுப்பவர் சொன்ன கதைக்கு வருவோம். மூன்றடி எடுத்தால் நிலம் பள்ளமாகும் என்பது உண்மை. ஐந்தடி உயரத்தில் இருந்த நிலம் இரண்டடி உயரத்துக்கு வந்துவிடும். உங்கள் மண்ணின் வடிகால் மண்ணில் மட்டும் இல்லை, அந்த உயரத்திலும் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2015 கடைசியிலும் 2021 நவம்பரிலும் உங்கள் ஓடை எந்த மட்டம் வரை ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து மூன்றடியைக் கழித்துப் பாருங்கள். அவர் சொல்கிற "நிற்கும் தண்ணீர்" அதுதான். நாற்று நட்ட வயலில் ஓடைத் தண்ணீர் பாய்ந்தால் நெல்லா மிஞ்சும்?

தண்ணீர் வராத ஆண்டிலும் நெல் சரிப்படும் என்று சொல்ல முடியாது. குழியில் மூன்றடிக்குக் கீழே பருமணல் தெரிந்தால், மண் எடுத்த பிறகு அதில் ஒரு சொட்டு நிற்காது. சாம்பல் களி தெரிந்தால், அது இத்தனை காலம் வேரும் சாணமும் புழுவும் போய்ச் சேராத செத்த மண். மட்கு முழுவதும் முதல் ஒரு சாணுக்குள்தான். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ எடை. அதில் அரை சதவிகிதம் கரிமச்சத்து இருந்தாலே 4,500 கிலோ. உங்கள் பாட்டனார் காலத்திலிருந்து சேர்ந்த அந்தச் சொத்து முதல் நாள் லோடிலேயே போய்விடும்.

பணக்கணக்கையும் போட்டுவிடுவோம், மனசு ஆறும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி ஆழத்துக்கு 1,30,680 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,306 யூனிட். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 1,960 யூனிட். அவர் தருவதாகச் சொன்ன தொகையை 1,960-ஆல் வகுத்துப் பாருங்கள். பிறகு, வீட்டுமனைக்கு மண் கொட்டுகிறவர்களிடம் ஒரு யூனிட் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

இன்னொரு விஷயம். பட்டா நிலமே ஆனாலும் மண்ணை வெட்டி விற்க 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வேண்டும். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொல்லலாம். லாரி பிடிபட்டால் எந்த சர்வே நம்பரில் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்து வயல்காரரின் வரப்பு சரிந்தால் அவரும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

அந்த நிலத்தில் என்ன செய்யலாம்? நெல்லை மறந்துவிடுங்கள். கிணறு கைகொடுத்தால் மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலைக்கு இதைவிடத் தோதான மண் கிடைக்காது. விழுது சுலபமாக இறங்கும், அறுவடையில் காய் அறுந்து மண்ணிலேயே தங்காது. 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுங்கள். வெண்டை, கத்தரி, கீரை என்றால் தாம்பரம் சந்தை உங்களுக்குப் பக்கம். அரை ஏக்கரைக் காய்கறிக்கு ஒதுக்கினால் வாரா வாரம் கையில் காசு புரளும். கட்டணத்துக்கு அது உடனே ஆகாது என்பது எனக்கும் தெரியும். அவசரத்துக்குத் தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனோ நகைக்கடனோ கேட்டுப் பாருங்கள், மகளின் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடனும் உண்டு. கடனை அடைத்து நகையை மீட்கலாம். மண் போனால் மீட்க வழியில்லை.

ஓடை ஓரத்து இரண்டு மீட்டரை உழாமல் விட்டு வெட்டிவேர் வையுங்கள். கரை அரிப்புதான் படுகை நிலத்துக்கு உள்ள ஒரே எதிரி. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் "மண் வயனமும் ரகமும்" என்ற கலத்தையும் பார்த்து வாருங்கள். நிலவரித் திட்டக் காலத்தில் உங்கள் மண்ணை எந்தத் தரத்தில் எழுதினார்கள் என்று தெரியும். மண் பரிசோதனை பற்றிக் கேட்க, உங்களுக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

கேள்வி: என்னுடையது மேட்டு நிலம், மணலும் சரளையும். ஏரி வண்டல் அடித்தால் மண் தேறுமா?

- ஒரு வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: தேறும். மேலே சொன்ன படுகையை ஓடை தானாகச் செய்தது, நீங்கள் டிராக்டர் வைத்துச் செய்யப் போகிறீர்கள். விவசாயத்துக்கு ஏரி வண்டல் இலவசம். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர் வரை எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். எடுக்கும் முன் ஒரு கையளவு வண்டலைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோடையிலேயே கொட்டிப் பரப்பி, கட்டிகள் வெயிலில் காய்ந்து உதிர்ந்த பிறகு உழுங்கள். ஈரத்தோடு உழுதால் களிக்கட்டி கட்டியாகவே கிடக்கும், மூன்று வருஷம் உங்களைத் திட்ட வைக்கும்.