இறங்குமுன் ஒரு கணக்கு

சென்ற தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் கையிற் கட்டுடன் வந்தான். பஸ் வண்டி நிற்குமுன் மிதிபலகையிலிருந்து இறங்கி விழுந்துவிட்டானாம். "நேரே கீழேதான் ஐயா காலை வைத்தேன். யாரோ முன்னே பிடித்துத் தள்ளியதுபோல் இருந்தது" என்றான்.

அவனைத் தள்ளியவர் எவருமிலர். அதனை விளங்கிக்கொள்ள வீட்டிலேயே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை வைத்து விரலாற் சுண்டுங்கள். அதே கணத்தில், மேசையின் உயரத்திற் பிடித்திருக்கும் மற்றொரு நாணயத்தைத் தம்பியோ தங்கையோ கைவிடட்டும். எது முதலில் நிலத்தைத் தொடும்? சுண்டிய நாணயம் நெடுந்தூரம் செல்வதால் பிந்தியே விழும் என்பர் பலர். இரண்டு மூன்று முறை பழகிச் செய்தால் ஓசை ஒன்றாகவே கேட்கும். மேசை 80 சென்ரிமீற்றர் உயரமாயின், இரண்டுக்கும் ஏறத்தாழ 0.4 செக்கனே செல்லும்.

காரணம் யாது? கிடையான இயக்கமும் கீழ்நோக்கிய இயக்கமும் ஒன்றிலொன்று தலையிடுவதில்லை. புவியீர்ப்பு இரு நாணயங்களையும் ஒரே ஆர்முடுகலுடன் கீழே இழுக்கிறது. சுண்டிய வேகமோ குறையாது முன்னே கொண்டுசெல்கிறது. வளியின் தடை இங்கே மிகச் சிறிது. இவ்விரண்டும் சேர்ந்தே அதன் பாதையைப் பரவளைவாக்குகின்றன. இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் கலிலியோ விளக்கிய நூல் 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் வெளிவந்தது. அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார்; கண்ணொளியையும் இழந்திருந்தார்.

இனி மாணவனிடம் வருவோம். மிதிபலகை நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரம் என்றும், வண்டி மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் சென்றது என்றும் கொள்வோம். அவ்வேகம் செக்கனுக்கு 5 மீற்றராகும். நிலத்தை அடைய அவனுக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் சென்றிருக்கும். அதற்குள் அவன் 1.5 மீற்றர் முன்னே சென்றுவிடுவான். வண்டியின் வேகம் இருமடங்காயின் இத்தூரமும் இருமடங்காகும். விழும் நேரமோ மாறாது. பாதம் நிலத்திற் பட்டதும் நின்றுவிடும்; உடலின் மேற்பாகம் வண்டி கொடுத்த வேகத்துடன் முன்னே பாயும். அவனைத் தள்ளியதாகத் தோன்றியது இதுவே.

இதில் என்னை வருத்திய செய்தி வேறொன்று. கிடையாக எறியப்பட்ட பொருள் பற்றிய கணக்கிற் சென்ற பரீட்சையிலே முழுப் புள்ளி பெற்றவன் இம்மாணவன். குன்றின் உச்சியிலிருந்து எறியும் பந்தையும் பீரங்கிக் குண்டையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மிதிபலகையில் நிற்கும் மாணவனை வரைந்து காட்டினேனல்லேன். எறியம் என்பது தானும் ஆகலாம் என அவன் எவ்வாறு அறிவான்?

இப்போது என் முதற் பாடம் மிதிபலகையிலிருந்தே தொடங்குகிறது. பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைகளுடன் அந்த நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். மாணவர்களே, வண்டி முற்றாக நின்றபின் இறங்குங்கள். பரீட்சையிற் பிழைத்த கணக்கை மறுமுறை திருத்தலாம். வீதியிற் பிழைத்த கணக்கைத் திருத்த எப்போதும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.