மதுக்கட்டண வருமானத்தில் தோட்டப்புறப் பிரதேச சபைகளின் பங்கு: டயகமவிலிருந்து ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மத்திய மாகாண ஆளுநர், மாகாணப் பிரதம செயலாளர், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர், நுவரெலியா மாவட்டச் செயலாளர்

பிரதி: நிதி ஆணைக்குழு, அக்கரப்பத்தனைப் பிரதேச சபைத் தவிசாளர்

அனுப்புநர்: டயகம பகுதித் தோட்ட மக்களின் சங்கம்

பொருள்: மதுபான அனுமதிப்பத்திரக் கட்டணத்திலும் பந்தய வரியிலும் ஒரு பங்கைத் தோட்டப் பகுதி உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தாக்க ஈட்டு மானியமாக வழங்குதல்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணை, மதுபான விற்பனைக்கான அனுமதிப்பத்திரக் கட்டணங்களையும் பந்தய வரிகளையும் மாகாண சபைகளின் வருமான மூலங்களுள் வைத்துள்ளது. அதே அட்டவணையில் இடம்பெறும் நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைக் கட்டணமும் மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சி மன்றங்களைச் சென்றடையும் முறை நிலைபெற்றிருக்க, மதுக்கட்டணத்துக்கு அத்தகைய வழி திறக்கப்படவில்லை. ஒரு தொழிலால் அரசு வருமானம் பெறும்போது, அத்தொழிலின் விளைவுகளைச் சுமக்கும் ஊரின் நிர்வாகத்துக்கு அவ்வருமானத்திலிருந்து சட்டப்படி திருப்பித் தரப்படும் பங்கே தாக்க ஈட்டு மானியம் என இம்மனுவில் குறிக்கப்படுகிறது. அது சலுகையுமன்று, நன்கொடையுமன்று. செலவு விழுந்த இடத்துக்குச் சேர வேண்டிய கடனாகவே இச்சங்கம் அதனைக் கருதுகிறது.

தோட்டப்புறத்தில் மதுவின் சுமை முதலில் பெண்களின் மீதே இறங்குகிறது. ஆண்களுக்குரிய மலை வேலைகள் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி முடிந்துவிட, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மாலை வரை மலையில் நின்று, கொழுந்து நிறுத்த பின்னரே லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புக்கு, திரும்புவது பல தோட்டங்களில் வழக்கமாகும். இடைப்பட்ட அந்த மணிநேரங்களும், சம்பள நாளும், மாத நடுவில் முற்பணம் கொடுபடும் நாளும் தவறணைக்கு, அதாவது அனுமதி பெற்ற கள் அல்லது சாராயக் கடைக்கு, வாடிக்கையாளரைச் சேர்க்கின்றன. மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுக்கொள்ளும் நெடுநாள் வழக்கத்தால், 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் போன்ற உயர்வுகளும் முழுமையாக அடுப்படியை எட்டுவதில்லை. அதன் பின் வரும் அடிதடி, காயம், பிள்ளையின் பாடசாலை இடைவிலகல், முறிந்துபோகும் குடும்பம் ஆகியவற்றுக்கான செலவு எந்த மதுவரிக் கணக்கிலும் பதிவாவதில்லை.

இச்செலவைத் தாங்க வேண்டிய பிரதேச சபையோ வருமான மூலங்கள் மிகக் குறைந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடையாக இருந்து, 2018 இலேயே திருத்தப்பட்டது. நுவரெலியாப் பிரதேச சபையிலிருந்து பிரிக்கப்பட்ட, டயகம அடங்கும் அக்கரப்பத்தனைப் பிரதேச சபைக்கும் அவ்வாண்டு பெப்ரவரி 10 ஆம் திகதியே முதல் தேர்தல் நடந்தது. செலவிடும் அதிகாரம் கிடைத்தபோதிலும் செலவிடப் பணம் இல்லை. லயக் குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லாமையால் சொத்துக் கைமாற்றமும் இல்லை, அதனால் முத்திரைக் கட்டணமும் இல்லை. பயிர்நிலங்களின் மீது விதிக்கத்தக்க ஏக்கர் வரி மிகச் சிறியது.

இங்கு ஒரு நுட்பமான அநீதியும் உண்டு. டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் மக்கள் குடிக்கச் செல்லும் கடைகளில் ஒரு பகுதி, தனியான நகர சபையைக் கொண்ட தலவாக்கலை – லிந்துலைப் பகுதியில் உள்ளது. கடை ஒரு சபையின் எல்லைக்குள்ளும், குடித்தவரின் குடும்பம் மற்றொரு சபையின் எல்லைக்குள்ளும் இருக்கின்றன. ஆதலால் கடை அமைந்த இடத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பணம் பகிரப்படுமாயின் தோட்டங்களுக்கு மீண்டும் ஒன்றும் மிஞ்சாது.

வருமானத்தை எந்த ஊர்களோடு பகிர்வது என்ற இக்கேள்வியை ஐக்கிய அமெரிக்கா சூதாட்ட விடுதிகளின் தொடர்பில் எதிர்கொண்டுள்ளது. அங்குள்ள பழங்குடியினர் தம் நிலத்தில் தமக்கென ஓரளவு தன்னாட்சி உடையவர்கள். அவர்கள் நடத்தும் விடுதிகள் மீது மாநிலம் நேரடியாக வரி விதிக்க இயலாமையால், 1988 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. கனெக்டிகட் மாநிலம், தான் பெறும் பங்கில் ஒரு பகுதியை, விடுதி உள்ள ஊருக்கு மட்டுமன்றி 169 ஊராட்சிகளுக்கும் பகிரும் நிதியத்தை ஏற்படுத்தியது. ஆனால் அந்நிதியம் பின்னாளில் மாநிலத்தின் பொதுச் செலவுக்காக வெகுவாகக் குறைக்கப்பட்டது. கலிபோர்னியாவில் 2007 இல் வெளியான மாநிலக் கணக்காய்வு, உள்ளூர் அரசுகளுக்கு வழங்கப்பட்ட பணம் விடுதிகளின் பாதிப்போடு தொடர்பற்ற வேலைகளுக்கும் சென்றதை எடுத்துக்காட்டியது. அங்கே விடுதியின் இலாபமாவது அந்தப் பழங்குடிச் சமூகத்துக்கே உரியது. தோட்டப்புறத் தவறணையின் இலாபத்தில் தோட்டத்து மக்களுக்கு ஒரு சதமும் இல்லை என்பதால், இங்குள்ள உரிமைக்கோரிக்கை மேலும் வலுவானது.

ஆகவே, மத்திய மாகாணம் பெறும் மதுபான அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் ஒரு நிலையான வீதம் நியதிச்சட்டத்தால், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்தால், ஒதுக்கப்பட்டு, கடைகளின் எண்ணிக்கையோடு மக்கள் வாழும் இடத்தையும் லயக் குடும்பங்களின் தொகையையும் கருத்திற்கொண்டு பகிரப்பட வேண்டும் என இச்சங்கம் கோருகிறது. 2018 க்குப் பின் மத்திய மாகாணத்தில் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத நிலையில், நியதிச்சட்டம் வரும்வரை மாகாண வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடாக இதனைத் தொடங்க ஆளுநர் ஆவன செய்ய வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்திய அரசு அறவிடும் பந்தய, சூதாட்ட அறவீட்டிலும் ஒரு பங்கு புக்கிக் கடைகள், அதாவது பந்தயம் பிடிக்கும் நிலையங்கள், உள்ள மாவட்டங்களுக்கு வருவது பற்றி நிதி ஆணைக்குழு பரிந்துரைக்க வேண்டும். சூதாட்ட விடுதியொன்றுக்கான ஆண்டு அறவீடு 2023 இல் 200 மில்லியன் ரூபாவிலிருந்து 500 மில்லியனாக உயர்த்தப்பட்டமை, அப்பங்குக்குத் திறைசேரியில் இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.

அப்பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்பட வேண்டும்; மண்டபம் கட்டவோ வாகனம் வாங்கவோ அதனைத் தொடக் கூடாது. கடைத்தெருவிலிருந்து லயங்களுக்குச் செல்லும் பாதைகளில் விளக்கு, டயகம வைத்தியசாலையில் மதுவிலிருந்து மீள விரும்புவோருக்கான தமிழ்மொழிச் சிகிச்சையும் ஆலோசனையும், அடிபட்ட பெண்ணும் பிள்ளைகளும் இரவில் தங்கத்தக்க பாதுகாப்பான இடம், மாலை நேரப் படிப்பறை ஆகியவையே முதற் தேவைகள். செலவைத் தீர்மானிக்கும் குழுவில் பாதிக்குக் குறையாதோர் கொழுந்தெடுக்கும் பெண்களாக இருத்தல் வேண்டும்.

எனினும் இம்மானியம் புதிய கடைகளுக்கான விலையாக மாறிவிடக் கூடாது. கடை பெருகினால் நிதி பெருகும் என்ற நிலை எழுமாயின் காக்க வேண்டிய சபையே கடைகளை வரவேற்கத் தொடங்கும். அதனைத் தவிர்க்க, ஒதுக்கீட்டின் தொகை கடைகள் குறைந்தாலும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாதவாறு அமைய வேண்டும். பிரித்தானியர் காலத்தில், மதுவொழிப்பு இயக்கத்தின் அழுத்தத்தால், ஊர் மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடுவிக்கும் முறை இலங்கையில் இருந்தது. அதன் வழியில், பிரதேச சபையின் தீர்மானமும் அயலிலுள்ள தோட்ட மக்களின் கருத்தும் பெறப்படாமல் மதுவரித் திணைக்களம் புதிய அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது. எல்லாக் கடைகளையும் ஒரேயடியாக மூடுமாறு இச்சங்கம் கோரவில்லை; கடையை மட்டும் மூடிவிட்டுச் சிகிச்சையையும் காவலையும் தராதபோது அவ்விடத்தைக் கசிப்பு, அதாவது சட்டவிரோதச் சாராயம், நிரப்பும் என்பதைத் தோட்டத்துத் தாய்மார் நன்கறிவர்.

இம்மனுவுக்கு எழுத்து மூலம் பதில் தரப்படுவதோடு, அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு எடுக்கப்பட வேண்டும். இது குறித்து அதிகாரிகள் நடத்தும் விசாரணை டயகமவிலேயே, பெண்கள் தமது நாட்சம்பளத்தை இழக்காதவாறு ஞாயிற்றுக்கிழமையில், தமிழில் நடைபெற வேண்டும்.