கீமோ நடக்கும்போது சுகரை யார் பார்ப்பது?



"சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி. சோறு, பழம் எல்லாத்தையும் நிறுத்திடுங்க சார்." வீட்டில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்ததிலிருந்து இதைக் குறைந்தது இருபது பேர் சொல்லிவிட்டீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் இது தப்பு. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுப்பது உண்மை. பெட் ஸ்கேன் எடுப்பதே அதை வைத்துத்தான். அதற்காகச் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. கல்லீரலே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும், பத்தாம் வகுப்பில் நடத்தியதுதான். இளைத்துப்போவது நோயாளிதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு எடுக்கிறாள். கீமோ அன்று வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நல்ல மருந்து, அது இல்லாமல் முடியாது. ஆனால் சர்க்கரையைத் தூக்கிவிடும். காலையில் கொடுத்தால் மதியத்திலிருந்து ராத்திரி வரை ஏறி, மறுநாள் விடியற்காலை ஓரளவு இறங்கிவிடும். முதல் சுற்றுக்கு மறுநாள் வெறும் வயிற்றில் 131. "பரவாயில்லையே" என்றார்கள். நான் மதியம் மூன்று மணிக்கு விரலில் குத்திப் பார்த்தேன், 342! காலையில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கீமோவால் வெள்ளையணுக்கள் குறையும் நேரத்தில் சர்க்கரையும் ஏறிக் கிடந்தால் கிருமித் தொற்றுக்கு அது வசதி.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு நின்ற பிறகு, வாயில் ஒரு கவளம் இறங்காத நாட்களில், கிளிமிப்ரைடு போட்டால் அது பாட்டுக்குக் கணையத்தை விரட்டும். சாப்பாடு இல்லாமல் சர்க்கரை விழுந்துவிடும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் "தீனி" தத்துவம் பேச வேண்டாம். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாந்தி, பட்டினியோடு அதைத் தொடர்ந்தால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரலாம். எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். என்னைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் குறை இங்கேதான். கேன்சர் டாக்டர் "சுகர் டாக்டரைப் பாருங்க" என்கிறார். சுகர் டாக்டர் "கீமோ முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள், கூட்டமும் தாங்க முடியாத கூட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் தபால்காரனாக ஓடுவது வீட்டுக்காரர்கள்தானே? படிக்காத குடும்பம் என்ன செய்யும்? முதல் சுற்றுக்கு முன்பே "ஸ்டீராய்டு நாள், வாந்தி நாள், சாதாரண நாள்" என்று மூன்று வரி எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கொடுக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டு வாங்கினேன். தேதி, நேரம், அளவு, என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி இரண்டு பேரிடமும் நீட்டுகிறேன். ரத்தசோகை வந்து ரத்தம் ஏற்றியவர்களுக்கு மூன்று மாத சராசரிப் பரிசோதனையை நம்ப முடியாது, அதனாலும் நோட்டு வேண்டும்.

ஸ்டீராய்டு நாட்களுக்கு மட்டும் இப்போது இன்சுலின் போடுகிறோம். அதற்கும் அத்தை வகையில் ஒரு ஒப்பாரி, "ஊசிக்கு வந்துட்டாளா" என்று. 1922-இல் டொராண்டோவில் முதலில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டது சாகக் கிடந்த 14 வயதுப் பையன். அதன் பிறகு 13 வருடம் இருந்தான். ஊசி கடைசிக் கட்டம் இல்லை அத்தை, தேவை தீர்ந்தால் நிறுத்தக்கூடியதுதான்.

நான்கு சுற்று முடிந்து மருந்து பாக்லிடாக்செலுக்கு மாறியிருக்கிறது. அது விரல் நுனிகளையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும்; சர்க்கரையும் அதே வேலையைத்தான் செய்யும். ராத்திரி டார்ச் அடித்து உள்ளங்கால் பார்க்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. செருப்பு விஷயத்தை அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.