சைலன்சரை நிமிர்த்த வேண்டாம்

அமெரிக்காவின் பெரிய டீசல் லாரிகளுக்கு உயரமான புகைக்குழாய் உண்டு. கரும்புகை ஆள் தலைக்கு மேலே போய்விடும். அதைப் பார்த்து, நம் பெட்ரோல் லோடு வண்டிகளிலும் சைலன்சரைக் கேபினுக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்க இளைஞர் சிலர் ஆசைப்படுகிறார்கள். கரும்புகை கக்காத பெட்ரோல் வண்டிக்கு இது எதற்கு? கொதிக்கும் குழாய் தார்ப்பாய்க்கும் சாக்கு மூட்டைக்கும் பக்கத்தில் நிற்கும். மூடி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். சரக்கு ஏற்றும் இடமும் குறையும்.

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. 2019 திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு மூட்டை அரிசியில் நமக்கு நிற்பது எவ்வளவு? அந்தப் பணத்தில் பிரேக்கையும் டயரையும் கவனியுங்கள். சரக்கு பத்திரமாகக் கடை சேர்வதே லோடு வண்டிக்கு அழகு.