எண்ணெய்ப் புட்டிக்கு நபிமொழி முத்திரையா?



முடி உதிர்வதற்கு நம் சமுதாயத்தில் பலவிதக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. வளைகுடா நாட்டுத் தண்ணீர் என்பார் சிலர். ஹிஜாபுக்குள் முடிக்குக் காற்றுப் போவதில்லை என்பார் சிலர். எந்நேரமும் தொப்பி அணிவதால் வழுக்கை விழுகிறது என்போரும், கண்ணேறு பட்டுவிட்டது என்போரும் உண்டு. சிகிச்சைகளும் அவ்வாறே பலவிதம்: சின்ன வெங்காயச் சாறு, மொட்டை, உச்சந்தலையில் ஹிஜாமா, கருஞ்சீரக எண்ணெய். இவற்றுள் சில ‘நபிவழி மருத்துவம்’ என்னும் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் விலைக்கும் வருகின்றன. இந்த விற்பனையைக் குறித்துத்தான் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

முதலில் காரணங்களைப் பார்ப்போம். மனிதன் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. முடியின் வேர் தனக்கு வேண்டிய உணவையும் பிராணவாயுவையும் இரத்தத்திலிருந்து பெறுகிறது. எனவே தொப்பியோ ஹிஜாபோ அதன் மூச்சை அடைப்பதில்லை. கூந்தலை நாள்தோறும் இறுக இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி மெலியும் என்பது உண்மை. ஹிஜாப் அணியாத பெண்ணுக்கும் அது நேரும். முடிச்சைத் தளர்த்தினால் போதும். ஹிஜாபைப் பழிக்க வேண்டியதில்லை.

வளைகுடாவுக்குப் பிழைக்கச் செல்லும் நம் இளைஞர்களில் பலர் இருபதுகளில் செல்கின்றனர். ஆண்களுக்குரிய பரம்பரை வழுக்கை பலருக்குத் தலைகாட்டத் தொடங்கும் வயதும் அதுவே. உப்பு மிகுந்த நீர் முடியை வறளச் செய்து முறிக்கலாம். ஆனால் அது வழுக்கையை உண்டாக்குவதில்லை. பரம்பரையும் ஆண்மைச் சுரப்பும் சேர்ந்தே அவ்வழுக்கையை உண்டாக்குகின்றன என்பதை 1942ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்பாருக்கு ஒன்று சொல்வோம்: உம்ராவில் தலை மழித்துத் திரும்பிய எத்தனையோ பேரை நாம் அறிவோம். வழுக்கை விழுந்த இடத்தில் அதனால் முடி முளைத்தவர் எவரையும் நாம் கண்டதில்லை.

பிறகு ஏன் இந்த மருந்துகள் பலித்ததாகத் தோன்றுகிறது? டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பின்னும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே மீளும். ‘புழுவெட்டு’ என்று நாம் அழைப்பதில் புழு எதுவும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே வழி தவறி முடிவேரைத் தாக்குகிறது. நாணயம் அளவில் உதிர்ந்த இடங்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானே வளர்கிறது. அப்போது எதைத் தடவிக் கொண்டிருந்தோமோ, அதற்கே பெயர் கிடைக்கிறது.

கண்ணேறு உண்மை என்பது நம் நம்பிக்கை. ஆயினும் பிள்ளை பெற்ற மருமகளின் முடி உதிர்ந்ததற்கு இன்னார் கண்தான் காரணம் என்று பக்கத்து வீட்டாரைச் சுட்ட நம்மிடம் என்ன சான்று உள்ளது? தீய எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறதே!

கருஞ்சீரகத்தின் சிறப்பு நபிமொழியில் வந்துள்ளது. அதை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். அந்நபிமொழியின் சொல் பொதுவானதாயினும் அதன் கருத்து குறிப்பிட்ட நோய்களைப் பற்றியது என்று இமாம் அல்கத்தாபி போன்ற முன்னோர் விளக்கியுள்ளனர். ‘இந்தப் புட்டியை நாற்பது நாள் தடவினால் வழுக்கையில் முடி முளைக்கும்’ என்பது விற்பவரின் சொல்லே. அதன்மீது நபி (ஸல்) அவர்களின் பெயரை ஒட்டும்போது என்ன நேர்கிறது? நாற்பது நாள் கழித்துக் கண்ணாடி முன் நிற்கும் இளைஞன் எண்ணெயைச் சந்தேகிப்பதோடு நிற்பதில்லை. நபிமொழியையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். மத்ரஸாவில் பாடம் சொல்லும் நாம் அஞ்சுவது இதைத்தான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் தீங்குக்குப் பொறுப்பாளி என்னும் மார்க்கச் சட்டமும் விற்போருக்கு நினைவிருக்கட்டும்.

தாமதத்தால் வரும் கேடும் சிறிதன்று. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்கு எண்ணெய் போதாது. மருத்துவர் தரும் உள்மருந்து வேண்டும். பொதுத் தொப்பி, பொதுச் சீப்பு வழியாக அது மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். முற்றினால் தழும்பாகி அவ்விடத்தில் முடியே வளராமற் போகலாம். ஆகவே மக்தபுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தத் தொப்பி இருக்கட்டும். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடி உதிரக் காரணமாகலாம். எளிய இரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும். ஹிஜாமா செய்துகொள்வோர் புதிய கத்தியைத் தவிர வேறெதையும் தலையில் படவிடலாகாது. இரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. தோல் மருத்துவரிடம் செல்வதும் அதில் அடங்கும்.

இறுதியாக ஒன்று. முடியில்லாத பிள்ளைக்கு வரன் அமையாது என்னும் அச்சமே இந்தச் சந்தையை வாழவைக்கிறது. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் செல்வோர் மார்க்கப்பற்றையும் நற்குணத்தையும் முதலில் கேட்டால் அவ்வச்சம் தானே குறையும். பனூ இஸ்ராயீல் சமூகத்து வழுக்கைத் தலையர் ஒருவருக்கு அழகிய முடியும் செல்வமும் கிடைத்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். முடி கிடைத்தபின் அவர் நன்றி மறந்தார், சோதனையில் தோற்றார். அவ்வரலாற்றைப் பெரியவர்களாகிய நாமும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.