சோதித்தபின் சொல்லுவோம்!

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் மாணவத் தோழர்களே! திரையிலே கார்ப் பந்தயம் ஓட்டுகிறீர்கள். ஓட்டுங்கள், தடையில்லை. ஆனால், "என் டியூன்தான் சிறந்தது" என்கிறான் பாறசாலைத் தோழன். "இல்லை, என்னுடையதே" என்கிறான் களியக்காவிளைத் தோழன். சான்று எங்கே?

2021-இல் வெளிவந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ ஆட்டத்தில், ஒருவர் ஆக்கிய டியூனை உலகெங்கும் உள்ளோர் எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை விரைந்து ஓடிவிட்டால் அதுவே வேதவாக்கு! இதுவா அறிவு? பின்னிறக்கையின் அழுத்தத்தைக் கூட்டினால் வளைவில் பிடிப்பு மிகும். நேர்பாதையில் வேகம் குறையும். ஒரு களத்தில் வென்றது மறுகளத்தில் தோற்கும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. ஓட ஓடப் பாதை பழகும். எனவே, பின்னால் சோதித்த டியூனே நல்லதாய்த் தோன்றும். தேறியது காரா, கையா?

வழி எளிது. ஒரே கார், ஒரே பாதை, ஒரே வானிலை. ஒருவேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. ஐந்து சுற்று ஓடி, எல்லா நேரங்களையும் குறித்திடுக. பழைய டியூனுக்குத் திரும்பி மீண்டும் ஐந்து சுற்று ஓடுக. அப்போதும் புதியது முந்தினால் ஒப்புக்கொள்வோம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் ஒவ்வொரு சோதனைச் சுற்றிலும் டயர் தேயும், எரிபொருள் தீரும். நமக்கோ செலவு சிறிது நேரமே. அதையும் செலவிடாது பிறர் சொல்லை நம்புவோர், ஆய்வுக்கூடத்தில் மட்டும் உண்மையைக் காண்பது எங்ஙனம்? விளையாட்டில் விதைத்த பழக்கமே வாழ்வில் விளையும்!